நடுவில் மட்டும் எரிந்த மெழுகுதிரி

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளின் ஷோகேசுக்குள், வெளிநாட்டுப் பிள்ளைகளின் கல்யாணப் படங்களுக்குப் பக்கத்தில், அநேகமாக ஒரு வாசனை மெழுகுதிரி இருக்கும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனது. தடித்த கண்ணாடிப் போத்தல், இறுக்கமான மூடி, மூடியைத் திறந்தால் வனிலா அல்லது லவெண்டர் மணம். சில தடவை ஏற்றியிருப்பார்கள். இப்போது அதன் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் குழி. குழியின் அடியில் கருகிய திரியின் நுனி, அதன்மேல் உறைந்துபோன மெழுகு. சுற்றிவரக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு முக்கால்வாசி மெழுகு தொடப்படாமல் நிற்கும். நெருப்புக்குச்சியை உள்ளே விட்டால் விரல் சுடும், திரி பற்றாது. பற்றினாலும் ஒரு நீல மொட்டாக நின்று ஒரு நிமிடத்தில் நூர்ந்துவிடும். எறியவும் மனம் வராது, எரியவும் எரியாது. அப்படியே ஷோகேசுக்குத் திரும்பிப் போகும்.

இதைப் பழுதான சாமான் என்று நான் நினைக்கவில்லை. கொழும்பில் வாழும் எங்கள் வீடுகளின் பழக்கம் ஒன்று அந்தக் குழியில் பதிந்திருக்கிறது. அதைச் சொல்லுமுன் மெழுகின் கதையைச் சொல்லவேண்டும்.

மெழுகுதிரியில் எரிவது பெரும்பாலும் திரியல்ல, திரி வழியாக மேலேறி ஆவியாகும் மெழுகு. சுவாலையின் சூட்டில் மெழுகு உருகுகிறது. உருகியது பருத்தி இழைகளுக்கிடையே ஏறி, நுனியில் ஆவியாகி எரிகிறது. 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் மைக்கேல் பரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக மெழுகுதிரியைப் பற்றி மட்டும் ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். மறு ஆண்டு அவை நூலாகின. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மனிதர் தன் எழுபதாவது வயதை நெருங்கும்போது ஒரு மெழுகுதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றார் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருகிற விஷயம். முதல் விரிவுரையிலேயே அவர் வியந்து காட்டுவது திரியைச் சுற்றி உருவாகும் சிறிய கிண்ணத்தை. சுவாலையை நோக்கி மேலேறும் காற்று மெழுகுதிரியின் வெளிப்புறத்தைக் குளிர்விக்கிறது. அதனால் நடு உருகும்போதும் விளிம்பு கெட்டியாக நிற்கிறது, உருகிய மெழுகு வழிந்தோடாமல் திரிக்காகத் தேங்கி நிற்கிறது. அந்த விளிம்பு ஒழுங்காக அமைந்தால்தான் அது நல்ல மெழுகுதிரி.

போத்தலுக்குள் வார்த்த மெழுகுதிரிக்கு இதே விளிம்புதான் நோய். வழியாமல் காக்கக் கண்ணாடி இருக்கிறது. அதற்குள் மெழுகு தனக்கென்று இன்னொரு சுவரை எழுப்பிக்கொண்டால், தன் திரியைத் தானே மூழ்கடிக்கும் கிணறாகிவிடும். உருகிய மெழுகு ஒவ்வொரு தடவையும் கண்ணாடிவரை போய்த் தொடவேண்டும். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று மெழுகுதிரி செய்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று அங்குலப் போத்தலை முதல்முறை ஏற்றினால் மூன்று மணித்தியாலம் விடவேண்டும். அரை மணித்தியாலத்தில் அணைத்தால் திரியைச் சுற்றிய சிறு வட்டம் மட்டும் உருகி உறையும். அடுத்த தடவை சுவாலை அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்தே எரியத் தொடங்கும், விளிம்போ அதன் சூட்டுக்கு எட்டாத உயரத்தில் தங்கிவிடும். ஐந்தாறு தடவையில் குழி ஆழமாகி, காற்றும் சரியாகக் கிடைக்காமல், திரி தன் மெழுகிலேயே அமிழ்ந்துபோகும். (போத்தலின் அகலத்துக்குத் திரி மெல்லிதாக இருந்தாலும் இதேதான் நடக்கும். அது செய்தவரின் பிழை. எவ்வளவு நேரம் எரியவிட்டாலும் தீராது.)

முதல் தடவையே மூன்று மணித்தியாலம் எரியவிடு என்பது எங்கள் வீடுகளில் எவர் வாயிலும் வராத வாக்கியம். “அலுவல் முடிஞ்சா நூத்துவிடு மோனை” என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். விருந்தாள் வரும்போது பத்து நிமிடம், வெள்ளிக்கிழமை பின்னேரம் கால் மணித்தியாலம், பிறகு நூர்த்து மூடி வைப்பது. நல்ல சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாவிக்கவேண்டும் என்ற அக்கறைதான் அது. அந்த அக்கறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதோடு எங்களில் பலரின் ஊரான யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. அது சில மாதத்து இருட்டல்ல, வருஷக்கணக்கான இருட்டு. கூடவே பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி என்று தடைசெய்யப்பட்ட, மட்டுப்படுத்தப்பட்ட சாமான்களின் பட்டியல் நீளம். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை எட்டாது. அரிக்கன் லாம்பு ஏற்றுவதே ஆடம்பரமானது. அந்த நாட்களில்தான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது.

அந்த விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். வெறுமையான ஜாம் போத்தல் ஒன்று. அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வுக் குழாய்க்குள் மெல்லிய நூல்திரி. குழாயைத் தகரத் துண்டோ கம்பியோ பிடித்துப் போத்தலுக்குள்ளேயே நிறுத்தும். சுவாலை போத்தலுக்கு உள்ளே, காற்றுக்கு எட்டாமல். குழாயின் வாய் குறுகலாக இருப்பதால் திரி தேவைக்கு மேல் எண்ணெய் குடிக்காது. நெல்மணி அளவான வெளிச்சம், ஆனால் சிந்திய எண்ணெய் என்று ஒன்றில்லை, அடிக்கடி நூர்வதுமில்லை. அந்த வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்து சாதாரண தரமும் உயர்தரமும் படித்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் இன்று வைத்தியர்கள், பொறியியலாளர்கள். வனிலா மணக்கும் போத்தல் மெழுகுதிரிகளைக் கொழும்புக்குக் காவிக்கொண்டு வருபவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு சுவாலை. இரண்டும் அதேதான். ஒன்று எரிபொருளை எவ்வளவு குறைவாகத் தின்னலாம் என்று யோசித்துச் செய்தது. மற்றது தாராளமாக எரியவிட்டால்தான் உயிரோடிருக்கும். ஒன்றுக்குரிய கைப்பழக்கத்தை மற்றதில் காட்டியபோது குழி விழுந்தது.

2022இல் கொழும்பும் இருட்டை அறிந்தது. மார்ச் 31ஆம் திகதி நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலமாக இருந்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களில் போதிய தண்ணீர் இல்லை. காலி வீதியின் கடைகள் இருண்டு கிடந்தன, மாடிகளில் லிப்ற் நின்றது, மோட்டர் ஓடாததால் மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. கடைகளில் மெழுகுதிரிக்குக் கேள்வி கூடியது. அப்போதுதான் ஷோகேசுப் போத்தல்களும் வெளியே வந்தன. வெளிச்சத்துக்கு அவை அவ்வளவு உதவவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மெழுகுதிரியின் ஒளி ஏறக்குறைய 12 லூமன். பழைய 40 வாற் குண்டு பல்ப் ஒன்று 450 லூமன் அளவு தரும். குழிக்குள் இறங்கிய சுவாலையோ அந்தப் பன்னிரண்டையும் மேசைக்குத் தராமல் முகட்டுக்கு அனுப்பிவிடும். ஆனால் மின்சாரம் வராத இரவுகளில் அதை மணித்தியாலக் கணக்கில் எரியவிட்ட வீடுகளில் வேறொன்று நடந்திருக்கும். சுற்றி நின்ற மெழுகுச் சுவர் மெல்ல மெல்ல இளகி, குளம் கண்ணாடியைத் தொட்டிருக்கும். குழி ஆழமாகாத போத்தல்களுக்கு அந்த நீண்ட இரவே வைத்தியம்.

குழி ஆழமாகிவிட்டால் கைவேலை வேண்டும். எங்கள் குசினிகளில் இருக்கும் சாமான்களே போதும்.

திரி இன்னும் பற்றுகிறது, ஆனால் சுவர் நிற்கிறது என்றால் அலுமினியத் தாள் போதும். சோறு கட்டப் பாவிக்கிற அதே தாள். திரியை ஏற்றிவிட்டு, போத்தலின் வாயைச் சுற்றித் தாளைக் கூரைபோல மடித்து, நடுவில் ஒரு பெரிய வட்டத் துளை விடவேண்டும். துளை சிறிதானால் காற்றுப் போதாமல் சுவாலை செத்துவிடும், புகையும் பிடிக்கும். வெளியே போகப் பார்க்கும் சூட்டைத் தாள் திருப்பி அனுப்ப, கண்ணாடி ஓரத்து மெழுகு மங்கல் வெள்ளையிலிருந்து கண்ணாடி நிறமாக மாறத் தொடங்கும். அந்த மாற்றத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். முதலில் ஓரத்தில் ஒரு ஈரக்கோடு, பிறகு சுவரின் அடி தளர்ந்து, ஒரு பக்கம் மெதுவாக உள்ளே சாயும். ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் சமனாகிவிடும். சுவர் சாயும்போது உருகிய மெழுகு திடீரெனக் கூடித் திரியை மூழ்கடிக்கப் பார்த்தால், சுவாலையை அணைத்துவிட்டுக் கொஞ்சத்தைக் கரண்டியால் எடுத்துவிடலாம். தாள் சுடும், வெறும் கையால் தொடவேண்டாம். ஏற்றிவிட்டு அறையைவிட்டுப் போகவும் வேண்டாம்.

திரி மூழ்கிவிட்டால் முதலில் அதைத் தோண்டி எடுக்கவேண்டும். பல்லுக்குத்தியால் சுற்றிவரச் சுரண்டி, கால் அங்குலமாவது வெளியே தெரியச் செய்யவேண்டும். முடி உலர்த்தும் கருவி இருந்தால் அதன் சூட்டில் மேற்பரப்பை இளக்கி, மேலதிக மெழுகைப் பஞ்சாலோ ரிஷுவாலோ ஒற்றி எடுக்கலாம். இல்லையென்றால் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் விட்டு அதற்குள் போத்தலை வைக்கவேண்டும். கொதிநீரைக் குளிர்ந்த கண்ணாடியில் படவிட்டால் வெடிக்கும். இளஞ்சூட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டவேண்டும். சோயா மெழுகு ஐம்பது பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும், பரபின் அதற்குக் கொஞ்சம் மேலே. அடுப்பில் நேரே வைக்கும் எண்ணமே வேண்டாம். உருகிய மெழுகைக் குசினித் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். அது குழாய்க்குள் உறைந்து, கீழ்வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டுவார். மெழுகு எப்போதாவது தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் ஒரு நொடியில் நீராவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் மெழுகைக் கூரைவரை எறியும். மூடியை வைத்து மூடினால் போதும்.

திரியே உதவாமல் போய்விட்டால்? பூசைச் சாமான் கடைகளில் விற்கும் விளக்குத்திரியைச் சிலர் சொருகிப் பார்ப்பதுண்டு. அது சரிவராது. குத்துவிளக்கின் திரி எண்ணெயில் கிடந்து, விளிம்பில் தலைசாய்த்து எரிவதற்கென்று திரிக்கப்பட்டது. மெழுகில் அது நிமிர்ந்து நிற்காது, தலையில் கரி கட்டும். மெழுகுதிரியின் திரி பின்னப்பட்டது. 1820களில் பிரான்சில் கம்பசெரெஸ் என்பவர் கண்ட வழி அது. பின்னலின் இழுவையால் நுனி எரிய எரிய வளைந்து, சுவாலையின் வெளிப்புறச் சூட்டுக்குள் போய்த் தானே சாம்பலாகிவிடும். அதற்கு முன் மெழுகுதிரி ஏற்றியவர்கள் கத்தரிக்கோலோடு பக்கத்திலேயே இருந்து கரிந்த திரியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றும் போத்தல் மெழுகுதிரியின் தடித்த திரி தன்னை முழுக்கத் தின்று முடிப்பதில்லை. ஒவ்வொரு தடவை ஏற்றுமுன்னும் கால் அங்குலத்துக்கு வெட்டிவிடவேண்டும். கரித்தலை வளர்ந்தால் கண்ணாடி கறுக்கும்.

ஆகவே புதுத் திரிக்கு நல்ல வழி, இன்னொரு மெழுகுதிரியையே திரியாக்குவது. மெல்லிய சாதாரண மெழுகுதிரி ஒன்றைத் துண்டாக்கி, குழிக்குள் நிறுத்தி, சுற்றி எடுத்து வைத்த மெழுகை உருக்கி ஊற்றினால், அந்தத் துண்டின் திரி போத்தலின் திரியாகிவிடும். அகலமான போத்தலுக்கு ஒன்று போதாது. இரண்டோ மூன்றோ வேண்டும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. நெருக்கி வைத்தால் மூன்று சுவாலையும் ஒன்றாகி எழும்பும், கண்ணாடி தாங்காது.

அந்த மெல்லிய மெழுகுதிரியைத் தேடினால் கொட்டாஞ்சேனைக்குப் போகலாம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வருபவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். நெற்றியில் திருநீற்றோடு வருபவர்களையும் முக்காடிட்டவர்களையும் வெள்ளை உடுத்த சிங்களத் தாய்மாரையும் அதே வரிசையில் காணலாம். ஏற்றி வைக்கும் இடத்தில் நின்று பார்த்தால் மெழுகைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். நெருக்கமாக நட்ட மெழுகுதிரிகள் தம் சூட்டில் உருகுவதைவிடப் பக்கத்தில் நிற்பதன் சூட்டில் அதிகம் உருகுகின்றன. ஒன்று வளைந்து மற்றதன்மேல் சாய்கிறது. எவருடைய நேர்த்தி எந்தச் சுவாலை என்று பிரிக்க முடியாமல் மெழுகு ஒன்றாகி வழிகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை அந்தக் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. அன்றைய தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல்நாள், திருத்தியமைத்த கோயில் மறுபடி திறக்கப்பட்டது. மெழுகுதிரி விற்பவர்கள் அந்த வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அங்கே எவரும் மெழுகுதிரியைப் பாதியில் நூர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், முழுக்க எரியவேண்டும். எங்கள் சிக்கனத்துக்கு விதிவிலக்கான ஓரிடம் உண்டென்றால் அதுதான்.

வெள்ளவத்தைக்குரிய ஒரு சிக்கலும் உண்டு. கடற்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ரயில் பாதைப் பக்கத்து யன்னலைத் திறந்தால் சுவாலை ஒரு பக்கமே சாயும். அந்தப் பக்கக் கண்ணாடி கறுக்கும், எதிர்ப்பக்கம் சுவர் நிற்கும். மேலே விசிறி சுழன்றாலும் இதேதான். அடிக்கடி அணைத்துப் போத்தலைத் திருப்பி வைப்பதைவிட, காற்றில்லாத மூலைக்கு இடம் மாற்றுவது மேல். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஒரேயடியாக எரியவிடவும் கூடாது.

அணைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஊதினால் உருகிய மெழுகு தெறிக்கும், அறை முழுக்கப் புகை மணக்கும். ஒரு கம்பியால் திரியை உருகிய குளத்துக்குள் அமிழ்த்தி உடனே நிமிர்த்திவிட்டால், சுவாலை அடங்கும், புகை வராது, திரியும் மெழுகேறி அடுத்த தடவைக்குத் தயாராக நிற்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாமி விளக்கை வாயால் ஊதவே விடமாட்டார்கள். பூவால் அடக்குவார்கள், அல்லது திரியைப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் அமிழ்த்துவார்கள். வெளிநாட்டு மெழுகுதிரிப் பெட்டிகளோடு வரும் குறிப்புகள் இதே வழியைச் சொல்லும்போது அம்மம்மாக்களின் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

போத்தலின் அடியில் அரை அங்குலம் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே எரிந்தால் சூடு நேரே கண்ணாடியின் அடியில் இறங்கும். மிஞ்சிய மெழுகைச் சுரண்டி எடுத்து இன்னொரு போத்தலின் குழியை நிரப்பலாம். ஆக, சிக்கனத்துக்கும் இடமிருக்கிறது, ஆனால் அது கடைசியில் வரவேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. போத்தல் மெழுகுதிரியைக் காப்பாற்றும் வழிகளை யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள், தேடினால் கிடைக்கும். ஜாம் போத்தல் விளக்குக்கு அப்படியில்லை. அதைத் தம் கையால் செய்தவர்களில் பலர் இன்று முதியவர்கள், சிலர் இல்லை. அது கதைகளிலும் நினைவுகளிலும் ஒரு வரியாக வந்துபோகிறதே தவிர, செய்முறை முழுமையாக அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் அதைச் செய்தவர் இருந்தால் இந்த வார இறுதியில் பக்கத்தில் இருந்து கேளுங்கள். வால்வு எந்த ரியூபிலிருந்து எடுத்தது, திரிக்கு எத்தனை இழை, எண்ணெய் எவ்வளவு, ஒரு தடவை விட்டால் எத்தனை இரவு எரிந்தது, பிடிக்கும் தகரத்தை எப்படி வளைத்தார்கள். படம் வரைந்து, அளவுகளோடு எழுதி, செய்தவரின் பெயரையும் ஊரையும் போட்டு வையுங்கள்.